ராஜினாமாவின் கடைசி வரி

சித்ரகலா: கடைசி வரியில என்னங்க தப்பு? அதையே சுத்திச் சுத்தி வட்டம் போடறீங்க?

மாதவன்: 'லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை'ன்னு ராஜினாமா லெட்டர்ல யாராச்சும் எழுதுவாங்களா சித்ரா? மேனேஜர் சிரிப்பாரு.

சித்ரகலா: நாலு வருசமா, நம்ம துணி வாங்கற வெளிநாட்டுப் பையருக்கு மெயில் போட்டுப் போட்டு... கை தானா அடிச்சிருச்சுங்க.

மாதவன்: அம்புட்டு மெயில் போட்ட மெர்ச்சண்டைசர், ஷிப்பிங் பேப்பர் பாக்குற என்கிட்ட வந்து இங்கிலீஷ் திருத்தக் கேக்குறீங்க.

சித்ரகலா: உங்க பேனாதானுங்களே செவப்பு.

மாதவன்: ம்... அடிச்சிரவா?

சித்ரகலா: இருங்க, இருங்க. அதுக்கு அர்த்தம் என்னங்க? காத்திருக்கறதுதானுங்களே?

மாதவன்: காத்திருக்கிறதுன்னா வெயிட்டிங். பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம், பல்லு புடுங்கக் காத்திருக்கலாம். இது வேற. வரப்போறதை நெனச்சு இப்பவே சந்தோஷப்படுறது.

சித்ரகலா: வருமான்னே தெரியலைன்னா?

மாதவன்: அப்ப... ஹோப்பிங்.

சித்ரகலா: வராதுன்னு தெரிஞ்சா?

மாதவன்: அதுக்கெல்லாம் மெயில்ல வார்த்தை இல்லீங்க. ஞாயித்துக்கிழமை குண்டடத்துல இருந்து உங்களைப் பொண்ணு பாக்க வர்றாங்கல்ல? அதுக்கு இதைப் போடலாம். லுக்கிங் ஃபார்வர்ட் டு சண்டே.

சித்ரகலா: அதை எங்கப்பா போடுவாருங்க. வேலைய உடச் சொன்னதும் அவருதானுங்க. ஆமா, நாளைக்கு லீவுன்னீங்க?

மாதவன்: அம்மா உசிலம்பட்டியில இருந்து வருது. கண்ணு காட்டணுமாம்.

சித்ரகலா: ஓ... செரிங்க.

மாதவன்: இந்தாங்க, அந்த வரிய அடிச்சாச்சு. கொண்டுபோய் மேனேஜர்ட்ட குடுங்க.

சித்ரகலா: அவருக்கு நேத்தே குடுத்துட்டனுங்க. அதுல அந்த வரி இல்லீங்க.

மாதவன்: அப்ப இது?

சித்ரகலா: சாம்பிள் எப்பவும் ரெண்டு தைக்கறமல்லங்க... ஒண்ணு பையருக்குப் போகும், ஒண்ணு நம்மகிட்டயே நிக்கும். நிக்கறது உங்களுதுங்க. பதிலும் நீங்கதான் சொல்லோணும்.

மாதவன்: அய்யோ... செவப்புல அடிச்சுட்டேனே.

சித்ரகலா: அடிச்சாலும் படிக்க முடியுதுங்க. வாயத் தொறந்து ஏதாச்சும் சொல்லுங்க. நாலு வருசமா இப்படியேதான் உக்காந்திருக்கறீங்க.

மாதவன்: அம்மாவுக்குக் கண்ணு நல்லாத்தாங்க தெரியுது. உங்கப்பாவப் பாத்துப் பேசத்தான் வரச்சொல்லியிருக்கேன்.