சாரோட பழைய டிஸ்க்

இல்ல சார், நீங்க எந்திரிக்க வேணாம். கால மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சுக்குங்க. ஸ்க்ரூ ஒண்ணு டேபிளுக்குக் கீழ உருண்டு போச்சு. ஆங், கெடச்சிருச்சு.

புது கம்ப்யூட்டர் எதுக்கு சார்? கடைக்காரர் சொல்லத்தான் செய்வாரு, அவருக்கு விக்கணும்ல. பத்து வருஷத்து மெஷின், தூக்கிப் போடும்மான்னு என்கிட்டயும்தான் சொன்னாரு. நான் விடுவேனா? பிராசஸர் நல்லாருக்கு, போர்டு நல்லாருக்கு, இதுல எதைத் தூக்கிப் போடச் சொல்றீங்கன்னேன். தலையச் சொறியிறாரு. ரெண்டு ஜி.பி. மெமரிய எட்டாக்கணும், பழைய ஹார்டு டிஸ்க்க எடுத்துட்டு வேகமான எஸ்.எஸ்.டி. டிஸ்க் போடணும், தூசி தட்டணும். இவ்வளவுதான் விஷயம், இதுக்குப் போயி புது மெஷினாம். ஆமா, ஒரு மணி நேரம் வாதாடிட்டுதான் வந்தேன். டிபார்ட்மென்ட் முழுக்க எனக்கு வக்கீலம்மான்னு பேர் வச்சதே நீங்கதானே. அந்தப் பேரக் காப்பாத்த வேணாமா?

இந்தத் தூசியப் பாருங்களேன். இந்த ஃபேன்ல இருந்து ஒரு தலகாணிக்குப் பஞ்சு எடுக்கலாம். வெளிய மட்டும் வெல்வெட் துணி போட்டு மூடி, உள்ள யாரும் எட்டிப் பாத்ததே இல்ல. இல்ல இல்ல, மெஷினத்தான் சொல்றேன்.

எங்கம்மா கேட்டாங்க சார். பி.எச்டி. பண்ணப் போறியா, எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போறியாடின்னு. நான் என்ன சொல்றது? எனக்கு முன்னாடி இருந்த அக்கா உங்க பையனோட ஸ்கூல் ப்ராஜெக்ட் பூரா செஞ்சு குடுத்தாங்க. எரிமலை, மேப்பு, சூரியக் குடும்பம். அவங்களுக்கு முந்தி இருந்த அண்ணன் மூணு வருஷம் உங்க கார ஓட்டினாரு. அவரு எழுதின தீஸிஸ விட அவரு ரிவர்ஸ் எடுக்கிறது நல்லா இருக்கும்னு இன்னும் பேசிக்கிறாங்க. அதப் பாத்தா எனக்குக் கெடச்சது கௌரவமான வேலை. சே, கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. பேசிட்டே செஞ்சாத்தான் எனக்குக் கை ஓடும்.

ஏன் மெதுவா இருந்துச்சுன்னு கேட்டீங்கல்ல? பழைய டிஸ்க்குல உள்ள ஒரு தட்டு சுத்திக்கிட்டே இருக்கும் சார். நீங்க ஒண்ணு கேட்டா, ஒரு முள்ளு அங்கயும் இங்கயும் ஓடித் தேடி எடுத்துட்டு வரணும். நீங்க அதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துரலாம். என் மூணாவது சாப்டர் உங்ககிட்ட ஏழு மாசம் சுத்துச்சே, அந்த மாதிரி. பென் டிரைவ்ல குடுத்தேன், ஞாபகம் இருக்கா? மெயில்ல வேணாம், மெஷின் தொறக்க அரை மணி நேரம் ஆகுதுன்னு நீங்கதான் பென் டிரைவ்ல கேட்டீங்க. ஏழு மாசம் கழிச்சு என்ன சொன்னீங்க? குப்பை. ஒரு வரி தேறாது, போய்த் திருப்பி எழுது. நானும் பதினோரு தடவ திருப்பி எழுதினேன். மக்கு மாதிரி.

அதுக்கப்புறம்தானே உங்க கட்டுரை வந்துச்சு. படிச்சேன் சார், நல்லா இருந்துச்சு. நல்லா இல்லாம எங்க போகும்? என் அட்டவணை, என் உதாரணம், நான் தப்பாப் போட்ட வருஷம் கூட அதே தப்போட. இதே ரூம்லதான் வந்து கேட்டேன். ஒரே துறைல இருக்கிறவங்களுக்கு ஒரே மாதிரி யோசனை வரும்மா, உனக்குப் போகப் போகப் புரியும்னீங்க. என் தீஸிஸ்ல கையெழுத்துப் போட வேண்டியவர் நீங்க. வாய மூடிட்டுப் போயிட்டேன். வக்கீலம்மா அடங்கிட்டான்னு ஸ்டாஃப் ரூம்ல சிரிச்சீங்களாமே?

சரி, இப்ப மெமரி உக்காந்துருச்சு. மூடிரலாம்.

ஃபைலா? எல்லாம் இருக்கு சார், ஒண்ணு கூடக் குறையல. நேத்து லேப்ல வச்சு அப்படியே புதுசுக்கு மாத்திட்டேன். காப்பி சரியா வந்திருக்கான்னு நாலஞ்சு ஃபைலத் தொறந்து பாக்கணும், அது இந்த வேலைல வழக்கம். பாத்தேன். உங்க கட்டுரையும் இருந்துச்சு. ரைட் கிளிக் பண்ணா ஒரு பெட்டி வரும், யாரு எழுதினது, எந்த மாசம் ஆரம்பிச்சதுன்னு எல்லாம் அதுல நிக்கும். முதல் பக்கத்துல இருந்த பேர மாத்தத் தெரிஞ்சவருக்கு அந்தப் பெட்டி இருக்கிறது தெரியல போல. எழுதியவர்ங்கிற எடத்துல இன்னும் என் பேருதான் இருக்கு. எங்கப்பா பேரோட முதல் எழுத்து உட்பட. பக்கத்துலயே என் சாப்டர், பென் டிரைவ்ல இருந்து இறங்கின தேதியோட. குப்பைய எதுக்கு சார் அவ்வளவு பத்திரமா வச்சிருந்தீங்க?

நான் எதையும் அழிக்கல. அழிக்க நான் யாரு?

பழைய டிஸ்க்கா? அத ஏன் இப்ப கேக்கறீங்க? நேத்தே இந்த வாசல்ல நின்னு கேட்டேனே, சார், பழச என்ன பண்றதுன்னு. ஃபோன்ல இருந்து தலையக்கூடத் தூக்காம, குப்பைல போடுன்னீங்க. நீங்க குப்பைன்னு சொன்னா அதப் பத்திரமா வச்சுக்கணும்னு எனக்கு இப்பப் பழகிருச்சு. அதுவும் டிபார்ட்மென்ட் பொருள், நானா தூக்கிப் போட முடியுமா? காலைல விசாரணைக் கமிட்டித் தலைவர் மேடம்கிட்ட ஒப்படைச்சு, கையெழுத்து வாங்கிட்டுதான் வரேன். நான் உங்க மேல புகார் குடுத்ததுலேர்ந்து மூணு வாரமா அவங்க என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். ஆதாரம் இருக்காம்மா?

விசாரணை இன்னிக்கு மூணு மணிக்கு சார். உங்களுக்கும் லெட்டர் அனுப்பிட்டாங்களாம், மெயில்ல. நீங்கதான் தொறக்கவே மாட்டீங்களே, மெஷின் மெதுவா இருக்குன்னு. இந்தாங்க, ஸ்விட்சப் போடறேன். எண்ணிக்குங்க. பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. பாத்தீங்களா? சொன்னேன்ல, மெஷின்ல ஒரு குத்தமும் இல்ல.

அந்த ஸ்க்ரூ டிரைவரக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க சார், உங்க காலடில கெடக்கு. அது என்னோடது.