வெண்ணெய்க்கு ஒரு விலாசம்

“ஹலோ... அக்கா, நான்தான். வெண்ணெய் உன் வீட்டுக்கு வந்துட்டிருக்கு... இல்லல்ல, நான் வரல. வெண்ணெய் மட்டும்.”

தம்பிக்காரன் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அடுப்படியில் நின்றிருந்தான். மூக்கு நுனியில் மாவு. பார்சல் கவுண்டரில் பதினோரு வருடம் உட்கார்ந்து ஊரார் மூட்டையையெல்லாம் நிறுத்துத் தள்ளியவன், தன் வீட்டில் ஒரு தராசு வாங்கி வைத்ததில்லை.

“நீதானே கப் கணக்கை நம்பாதே, இருநூத்தி இருபத்தேழு கிராம் நிறுத்துப் போடுன்னே... ஆமா. ஆமா, அதான் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போனேன்... அந்த மெஷின் விலாசம் அடிச்சாத்தான் எடை காட்டும். எனக்கு மனப்பாடமா தெரிஞ்சது உன் விலாசம்தான்... சும்மாதான்க்கா அடிச்சேன். உடையுமா உடையாதான்னு வேற கேட்டுச்சு. உருகும்னு சொல்ல அதுல பட்டன் இல்ல... கிள்ளிக் கிள்ளி வெச்சு, கரெக்டா இருநூத்தி இருபத்தேழு. அந்த சந்தோஷத்துல கை கழுவப் போனேன். வந்து பாத்தா பக்கத்து சீட்டுக்காரர் விலாச லேபிள் ஒட்டி, முத்திரை குத்தி, பையில போட்டுட்டார்... நல்ல மனுஷன், யார் வேலையும் தங்க விடமாட்டார்... ஓடினேன். வண்டி கிளம்பிடுச்சு. நாளைக்கு வரும், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோ... சிரிக்காதேக்கா. நாலு நாளா அவ என்கூடப் பேசல.”

எல்லாம் அவன் வாய்க்கொழுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை மனைவி செய்த கேக்கை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்து, “இதுக்குக் கனமான சரக்குன்னு தனிச் சீட்டு ஒட்டணும்” என்று அவளுடைய தோழிகள் முன்னால் சொல்லித் தொலைத்தான். அன்றிலிருந்து பால் வாங்கு, சாவி எங்கே என்பதெல்லாம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய காகிதத்தில்தான் வந்தது. முதல் நாள் ரோஷமாக இருந்தான். இப்போது நிஜமாகவே பயந்துபோயிருந்தான். ஆறு மணிக்கு அவள் வருவதற்குள் தன் கையால் ஒரு கேக் செய்து வைத்து, மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

“வேற வெண்ணெய் வாங்கிட்டேன்... ம், தராசு இல்லாதப்போ நீ சொன்ன அந்தத் தண்ணி வழிதான். கப்ல பாதி தண்ணி ஊத்தி, வெண்ணெயப் போட்டு, தண்ணி விளிம்புக்கு வந்தா வெண்ணெய் அரை கப். ரெண்டு தடவை செஞ்சா ஒரு கப்... புரியுது புரியுது. ஆனா மிதக்குதுக்கா... அமுக்கினேன். விரலால... ஆமா, விரலும் தண்ணிக்குள்ளதான் இருந்துச்சு... அதைத்தான் கேக்கறேன், விரலுக்கு எவ்வளவு கழிக்கணும்?... ரெண்டு விரல்... மாமாவை எதுக்குக் கூப்பிடறே?... வணக்கம் மாமா. ஆமா மாமா. மோதிரத்தோடதான் மாமா... சரி, கழட்டிடறேன். விரலை மட்டும் தனியா விட்டுப் பாக்கறேன்... எங்க ஏறுது, கப் ஆடுது, தண்ணி வழியுது மாமா... வயசாச்சா? அதுக்கும் இதுக்கும் என்ன மாமா சம்பந்தம்... இருங்க, ஒரு நிமிஷம்.”

வாசல் கதவு திறந்தது. மனைவி அரை மணி முன்னதாகவே வந்துவிட்டாள். தோள்பையைக்கூட இறக்காமல் அடுப்படி வாசலில் நின்று, தரையெல்லாம் ஓடிய தண்ணீரையும், வெறும் தண்ணீர்க் கப்பில் இரண்டு விரலை விட்டு நட்டமாக நின்ற புருஷனையும் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்னவோ கேட்டாள்.

“மாமா, அக்காகிட்ட குடுங்க. சீக்கிரம்... அக்கா, அவ வந்துட்டா. பேசிட்டாக்கா... என்ன சொன்னாளா? ‘உங்களுக்கு அறிவே கிடையாதா’ன்னு கேட்டா... ஆமாக்கா, எழுதிக் காட்டல. வாயாலயே கேட்டா... இல்ல, அழல, மாவு கண்ணுல பட்டுடுச்சு... வெச்சுடறேன்க்கா. காத்துட்டு நிக்கறா, பதில் சொல்லணும்.”