ஈரம் காயும்வரை

வெள்ளைப் பூவை வரைய வெள்ளை வண்ணமே வேண்டாம் என்றால் யாரும் எளிதில் நம்பமாட்டார்கள். நீர்வண்ணத்தில் அப்படித்தான். பூவின் இடத்தை வெறும் காகிதமாக விட்டுவிட்டு, சுற்றியிருப்பதை மட்டும் தீட்ட வேண்டும். ஆனால் தீட்டத் தொடங்கிவிட்டால் ஈரம் காய்வதற்குள் முடித்தாக வேண்டும். நடுவில் எழுந்து போனால் திட்டுத் திட்டாகிப் படம் பாழ். அன்று காலை நான் ஏன் எழுந்து போகவில்லை என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் இதைச் சொல்கிறேன்.

என் கணவர் தங்கமான மனிதர். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். குடி கிடையாது. ஒருநாளும் கை நீட்டியது கிடையாது. பாட்டில் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை அவருக்கு. கண்ணெதிரே ஓடும் பாட்டில்களில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்றபின் பார்க்கப் பாட்டில் இல்லை. நான் இருந்தேன்.

சமையலறைக்குப் போனால் பின்னாலேயே வருவார். குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருப்பார். கடைக்குப் போக நான் செருப்பை மாட்டினால் அவரும் மாட்டுவார். "உன்னைத் தனியா விட மனசு வரலைம்மா" என்பார். பக்கத்து வீட்டுக்காரி, "குடுத்து வச்சவங்க நீங்க" என்று பெருமூச்சு விடுவாள். எனக்கோ மூச்சு முட்டும். சாகும்வரை இப்படித்தானா? புருஷன் அன்பாக இருக்கிறார் என்று யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

வசந்தம் வந்து ஜன்னலோரத் தொட்டியில் வெள்ளை டூலிப் பூத்ததும் படம் வரைய ஆரம்பித்தேன். பூக்கள் என்னை எதுவும் கேட்பதில்லை. சில நாள் நிம்மதியாக இருந்தது. பிறகு அவரும் அதே மாதிரி வண்ணப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு, என் முழங்கை இடிக்க நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தான் வரைந்ததைவிட என்னுடையதைப் பார்த்ததுதான் அதிகம்.

"இந்த இதழ் கொஞ்சம் கோணல், பாரு."

பார்த்தேன். கோணல்தான். அவர் சொல்வது எப்போதும் சரியாக இருக்கும், அதுதான் கொடுமை.

அன்று, காகிதம் தீர்ந்துவிடும் போலிருக்கிறது என்றேன். அவ்வளவு சொன்னால் போதும், எடுத்துவர எழுந்துவிடுவார். காகிதம் இருப்பது ஜன்னல் இல்லாத சாமான் அறையில். அதன் கதவுக்கு உள்பக்கக் கைப்பிடி கழன்று ரொம்ப நாளாயிற்று. கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு முக்காலியை முட்டுக்கொடுத்து வைத்திருப்போம். அவர் சாமான்கள் மேசையை அடைத்துக்கொண்டதால் என் தண்ணீர்க் கிண்ணத்துக்கு இடமில்லை. அதனால் முக்காலியை நான் எடுத்து வந்திருந்தேன். மயிரிழைக் கீறலைக்கூடக் கண்டுபிடிக்கிறவர், முக்காலி இல்லாததைக் கவனிக்கவில்லை.

கதவு சாத்திக்கொண்டது. முதலில் சிரித்தார்.

"ஏம்மா, மாட்டிக்கிட்டேன். வந்து தொற."

"இருங்க, ஈரமா இருக்கு. காஞ்சதும் வரேன்."

"சரி சரி, படத்தைக் கெடுத்துக்காத."

அவ்வளவு நல்லவர்.

பிறகு இருமல் தொடங்கியது. அறை முழுக்கத் தூசி, அவருக்கோ ஆஸ்துமா. இன்ஹேலர் என் கைக்கு எட்டும் தூரத்தில், அவர் வண்ணப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. கதவைத் தட்டினார். எப்போதும் 'ஏம்மா' என்கிறவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தோளுக்குப் பின்னால் ஆள் இல்லாமல் வரைவது எவ்வளவு சுகம் என்று அன்றுதான் தெரிந்தது. படம் உங்கள் ஸ்டேஷன் மேசையில்தான் இருக்கிறது, பாருங்கள். எங்கேயும் ஒரு கோணல் இல்லை.

"ஒரு படம் காய எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஜன்னல் திறந்திருந்தால் ஒரு காபி குடிக்கிற நேரம்தான். அன்றும் சீக்கிரமே காய்ந்துவிட்டது. தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டவில்லை. உள்ளே அவர் இன்னும் இருமிக்கொண்டிருந்தார். காய்ந்ததும் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா? கொடுத்த வாக்கை நான் மீறுகிறவள் இல்லை. தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துப் படத்தை மறுபடி நனைத்தேன். இருமல் நிற்கும்வரை அதைக் காயவிடவே இல்லை.