இடது கைப்பிடி

இல்ல தசரதன் சார், அத கீழ வைங்க. சொல்றேன் கேளுங்க, அந்த தேர்ட்டி டூ ரிவால்வர் உங்களுக்கு வேணாம். லைசென்ஸும் புதுசு, நீங்களும் புதுசு. டார்கெட் சுடத்தான்னு எழுதிக் குடுத்துதான வாங்கினீங்க? அப்போ சின்ன குண்டு போடற டூ டூ பிஸ்டல்தான். உதைக்காது, சத்தம் கம்மி, தோட்டாவும் சல்லிசு. தேர்ட்டி டூவ தூக்கிகினு சுட்டுப் பழகற ரேஞ்சுல நின்னீங்கன்னா மொத குண்டுலயே கண்ண மூடிக்குவீங்க. அப்புறம் அந்தப் பழக்கம் லேசுல போவாது.

உக்காருங்க. டீ சொல்லியிருக்கேன், வருது.

இந்த டூ டூவப் பாருங்க. பழசுதான், ஆனா ரயில்வேல இருந்த ஒருத்தரு பொத்திப் பொத்தி வச்சிருந்தது. பேரல் நீளம், டிரிக்கர் லேசு. காலிதான், நானே பாத்துட்டேன். இருந்தாலும் செவுத்துப் பக்கமா புடிங்க, என் பக்கம் வேணாம். ஒரு கையாலதான் நீட்டணும், இன்னொரு கை பேன்ட் பாக்கெட்டுல. ஆங், அப்படித்தான்.

இடுப்புல சொருவ முடியாதுதான். எதுக்கு சொருவணும்? ரேஞ்சுக்குப் பொட்டியிலதான எடுத்துகினு போவீங்க? வந்ததுலேருந்து இடுப்பு, பாக்கெட்டுன்னே கேட்டுகினு கீறீங்க. குறி எப்படி சரி பண்றதுன்னு ஒரு வார்த்த கேக்கல. நானும் எத்தினியோ பேருக்கு வித்திருக்கேன். உங்களுக்குக் குடுக்க எனக்கு பயமா கீது சார். நேராவே சொல்லிட்டேன்.

கோவப்படாதீங்க. முடிச்சூர்ல உங்க அப்பா நெலத்த பிளாட் போடறதுல உங்களுக்கும் உங்க அண்ணன் துளசிங்கத்துக்கும் தகராறுன்னு தாம்பரம் மார்க்கெட்டே பேசுது. அவரு சொவுரு எழுப்பினாரு, நீங்க கடப்பாறையோட போனீங்க. அத அவரு புடுங்கப் போய்தான் உங்க நெத்தி கிழிஞ்சது. தையல் இன்னும் தெரியுது. வயல்ல பன்னி வெரட்ட வாங்கின டபுள் பேரல் துப்பாக்கி அவரு வூட்டுல கீதுன்னுதான் உங்களுக்கும் ஒண்ணு வேணும். புரியுது சார், நான் ஒண்ணும் கொழந்த இல்ல.

இன்னா, கை உறுத்துதா? உறுத்தும். அந்தக் கைப்பிடி வலது கைக்குச் செதுக்கினது, கட்டவெரல் பள்ளம் அந்தப் பக்கம் கீது. நீங்க இடது கைக்காரரு. உங்களுக்குன்னே இடது கைக்குச் செதுக்கின இந்தக் கைப்பிடிய எடுத்து வச்சிருந்தேன். ஈட்டி மரம். ஸ்குரூவ கழட்டி மாத்திட்டா ஆச்சு.

இடது கைன்னு நீங்க எங்க சொன்னீங்க? உங்க அண்ணன்தான் சொன்னாரு. போன மாசம் இங்க வந்தாரு. பாய், தசரதனுக்கு லைசென்ஸ் வந்துடுச்சு, உங்க கிட்டதான் வருவான், அவன் இடது கை, கைப்பிடி ஒக்காம வெரல கிழிச்சிக்கப் போறான், ஆள வச்சி ஒண்ணு செதுக்கி வைங்கன்னாரு. அளவு வேணுமேன்னேன். எங்க ரெண்டு பேருக்கும் அப்பா கை, ஒரே மாதிரிதான்னுட்டு அவரோட இடது கையத்தான் மேஜ மேல வச்சாரு.

டபுள் பேரலா? அதோ, உங்க பின்னாடி பீரோவுல. அன்னிக்கே வித்துடுங்கன்னு வச்சிட்டுப் போயிட்டாரு. ஒரே காம்பவுண்டுல ரெண்டு துப்பாக்கி வேணாமாம். இப்ப அவரு வூட்டுல ஒண்ணும் கெடையாது.

டீ வந்துடுச்சு, எடுத்துக்கோங்க. தேர்ட்டி டூ இன்னும் வேணுமா சார்?