தூதர் கேட்ட மன்னிப்பு

— ஆறு மணிக்குத் தூதர் வந்துடுவாரு, செயலாளர் சார். நான் மைக்கைச் சரிபார்க்கணும். என்னை எதுக்கு இந்த ரூம்ல உக்கார வச்சிருக்கீங்க?

— சும்மாதாம்மா. தூதருக்கு நம்ம அரசு நடத்துற வழியனுப்பு விழாவுல மொழிபெயர்க்கப் போறவங்க ஒரு வாய் காபி குடிக்கக் கூடாதா?

— கதவைச் சாத்திட்டா காபி குடிப்பாங்க?

— சரி, நேராவே கேக்குறேன். போன வருஷம் ஆலை தீப்பிடிச்சப்போ, வாசல்ல நின்னு தூதர் என்ன பேசினாரு?

— ஊருக்கே தெரியுமே. ‘எங்க நாட்டு முதலாளியோட ஆலை. தப்பு எங்க மேலதான். உங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்குறேன்.’

— அது நீங்க பேசினது. அவர் பேசினதைக் கேக்குறேன்.

— ரெண்டும் ஒண்ணுதான் சார்.

— என் மூத்த மருமகன் அந்த நாட்டுலயே பத்து வருஷம் குப்பை கொட்டினவன். நேத்து அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். முதல்ல சிரிச்சான். அப்புறம் சிரிக்கல.

— என்னவாம் உங்க மருமகனுக்கு?

— ‘கதவைப் பூட்டினது உங்க ஊரு மேஸ்திரி. எங்க ஆளுங்க இல்ல. கலைஞ்சு போங்க.’ அவ்வளவுதானாம் அவர் சொன்னது. கால்ல விழுறதெல்லாம் உங்க சொந்தச் சரக்கு.

— எல்லார் கையிலயும் கல்லு இருந்துச்சு சார்.

— நானும்தான் பார்த்தேன். நீங்க பேசி முடிச்சதும் கீழே போட்டுட்டு அழுதாங்க.

— நீங்க காருக்குள்ள இருந்து பார்த்தீங்க. கண்ணாடியை ஏத்திட்டு.

— குத்திக் காட்டாதீங்கம்மா. இன்னிக்கு அந்தத் தீயில செத்தவங்க வீட்டுப் பொம்பளைங்க மேடையேறி, அந்த மன்னிப்புக்குத்தான் நன்றி சொல்லப் போறாங்க. அதை அவர் பாஷையில என்னன்னு சொல்வீங்க?

— ‘வந்து பார்த்ததுக்கு நன்றி’ன்னு.

— ஆக, இன்னொரு பூசணிக்காய். இன்னொரு தட்டுச் சோறு.

— என் வேலை போனாப் போகட்டும். அவங்க காதுக்கு மட்டும் இது போக வேண்டாம் சார். ஒரு பெரிய மனுஷன் தப்பை ஒத்துக்கிட்டான்னுதான் அவங்க கண்ணை மூடித் தூங்குறாங்க.

— அதெல்லாம் சரி. அத்தனை பேப்பர்லயும் வந்துச்சே. அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

— பாராட்டித்தானே எழுதினாங்க. தேடி வந்த பாராட்டை யாரு தள்ளி விடுவா?

— அதான் எனக்கு உறுத்துச்சு. காலையில மருமகனைக் கூட்டிட்டுப் போய் அவரையே பார்த்துட்டேன்.

— சொல்லிட்டீங்களா?

— ஒண்ணு விடாம.

— நல்லா இருங்க சார். ரொம்ப நல்லா இருங்க.

— முழுசாக் கேளுங்க. மனுஷன் கோபப்படல. எழுந்து வந்து எனக்குக் கை கொடுத்தாரு.

— எதுக்கு?

— அன்னிக்கு ராத்திரியே அவருக்குத் தெரியுமாம்.

— தெரிஞ்சுமா என்னை வச்சிருந்தாரு?

— தெரிஞ்சதாலதான்மா. இப்போ அவர் போற நாட்டுலயும் நம்ம பாஷைதானாம். அங்க அவங்க ஆளுங்களோட சுரங்கம் ஒண்ணு சரிஞ்சு, வாசல்ல ஜனம் உக்காந்திருக்காம். உங்களையும் கூடவே அனுப்பி வைக்கச் சொல்றாரு. என்னன்னு பதில் சொல்லட்டும்?