நாலாம் நம்பர் கத்தி

— மாஸ்டர், என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க. என் கட்டைவிரல அறுத்தது என் கத்தியா, நம்ம கிச்சன் கத்தியா?

— மின்னல், அடுப்பு எரியற நேரத்துல ஆரம்பிக்காத. அதான் பேப்பர்ல எழுதியாச்சே. உன் சொந்தக் கத்தி, சைனா கத்தி, பூசணித் தோல்ல வழுக்கிச்சு. முதலாளியம்மாவே கைப்பட எழுதியிருக்காங்க.

— சரி, சரி, ரெண்டு பேரும் குரலத் தாழ்த்துங்க. வெளிய டேபிள்ல ஆளுங்க உக்காந்திருக்காங்க. மின்னல், பதினொரு மணிக்கு இன்சூரன்ஸ் ஆபீசர் வர்றார். அதுக்குள்ள நீ கையெழுத்து போட்டுடு. பன்னண்டு வருஷமா இந்த ஹோட்டல நடத்தறேன், யார் வயித்துலயாவது அடிச்சிருக்கேனா?

— கையெழுத்து போட்டா என்ன ஆகும்னு நீங்களே சொல்லுங்கம்மா. "சொந்தக் கத்தி கொண்டு வரக்கூடாதுங்கற விதிய மீறினேன், தப்பு என்னோடது." இதானே எழுதியிருக்கு? ஆபீசர் படிச்சுட்டு, ஆபரேஷனுக்கு நாங்க பொறுப்பில்லன்னு பைய எடுத்துக்கிட்டுக் கெளம்பிடுவார். வியாழக்கிழமைக்குள்ள நரம்பத் தைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். அத விட்டுட்டா இந்த விரல் மடங்கவே மடங்காதாம். மடங்காத விரல வெச்சுக்கிட்டு நான் எந்தக் கிச்சன்ல போய் வெங்காயத்தப் பிடிக்கறது?

— அதுக்காக பொய் சொல்லச் சொல்றியா?

— பொய் யார் சொல்றதுன்னு உங்களுக்குத் தெரியும் மாஸ்டர். அன்னைக்குக் காலைல என் கத்தியப் பையில போடச் சொன்னது யாரு? "இந்தக் குப்பைய எடுத்து உள்ள வை, என் கிச்சன்ல ஜெர்மன் கத்திதான் ஓடும்"னு அத்தன பேர் முன்னாடி சொன்னீங்க. மறுபேச்சு பேசாம உங்க ஆறு ஜெர்மன் கத்தியில நாலாம் நம்பர எடுத்தேன். பூசணியில வெச்சு அழுத்தினேன், இறங்கல. இன்னும் அழுத்தினேன். தோல்ல வழுக்கி நேரா என் விரல்ல வந்து நின்னுச்சு.

— நாலாம் நம்பர் வழுக்காது. எழுதி வெச்சுக்கோ. அது ஜெர்மன் இரும்பு. முப்பது வருஷமா கத்தி பிடிக்கறேன், அவன் இரும்பக் காய்ச்சற விதமே வேற. உன் கத்தி தெருவுல கூவி விக்கற கத்தி. வழுக்காம என்ன பண்ணும்?

— எந்த ஊர்ல பொறந்தோம்னு கத்திக்குத் தெரியாது மாஸ்டர். காலைல யாராவது தீட்டினாங்களா இல்லையான்னுதான் தெரியும். நான் தெனமும் வந்ததும் டீ கப்பக் கவுத்துப் போட்டு, அதோட அடியில இருக்குற சொரசொரப்புல பத்துத் தடவ தீட்டுவேன். நீங்களும் பாத்திருக்கீங்க, பாத்துச் சிரிச்சும் இருக்கீங்க. உங்க ஜெர்மன் கத்திங்களுக்கு சாணைக்கல்லு பட்டுப் பதினொரு மாசம் ஆச்சு.

— வெளிநாட்டுக் கத்திக்கு அடிக்கடி கல்லு ஆகாது. தேஞ்சு போயிடும். அதான் கல்லப் பெட்டியில வெச்சுப் பூட்டியிருக்கு.

— பூட்டினது யாரு? நீங்கதானே?

— நான்தான்னு வெச்சுக்கோயேன்.

— கிச்சன் சமாச்சாரமெல்லாம் மாஸ்டர் முடிவுதான் மின்னல், அதுல நான் தலையிடறதில்ல. சரி, சரி, பேனாவப் பிடி. மணி பத்தரை ஆகுது.

— போடறேம்மா. ஒரே ஒரு விஷயம். மாஸ்டர் எப்பவும் சொல்வாரில்ல, கண்ணக் கட்டிவிட்டாலும் கத்தி எந்த நாடுன்னு சொல்லிடுவேன்னு? இன்னைக்குச் சொல்லட்டும். மூணு தடவ கையில கத்தி குடுக்கறேன், மூணு தக்காளி. மூணையும் சரியாச் சொல்லிட்டாருன்னா நான் வாயத் தொறக்காம கையெழுத்து போட்டுட்டுப் போயிடறேன். தப்பாச் சொன்னா அந்தப் பேப்பரக் கிழிச்சுடணும்.

— என்ன விளையாட்டு இது, குழம்பு கொதிக்கற நேரத்துல?

— விடுங்கம்மா, அவ ஆசையக் கெடுப்பானேன். அஞ்சு நிமிஷ வேலை. கட்டுங்க என் கண்ண. இந்தத் துண்டாலயே கட்டுங்க.

— சரி, சரி. தலையக் குனிங்க மாஸ்டர். இறுக்கமா இருக்கா?

— ஒண்ணும் தெரியல. குடும்மா மின்னல்.

— கைப்பிடியில துணி சுத்தியிருக்கேன், தடவிப் பாத்துக் கண்டுபிடிக்கக் கூடாது. அம்மா, நீங்க பாத்துக்கிட்டே இருங்க, ஆனா வாயத் தொறக்காதீங்க. இந்தாங்க மாஸ்டர், முதல் தடவ. தக்காளி உங்க இடது கைப்பக்கம்.

— ம்... பாரு, பாரு. தோல்லயே நிக்குது. அழுத்தினாத்தான் இறங்குது, சாறு மூஞ்சியில அடிக்குது. இதெல்லாம் ஒரு கத்தியா? கனமும் கிடையாது, நிதானமும் கிடையாது. சைனா. சந்தேகமே இல்ல. இதக் கையில குடுத்து ஒரு ஆள வேலை வாங்கறவன செருப்பாலயே அடிக்கணும்.

— நல்லா யோசிச்சுத்தானே சொல்றீங்க?

— யோசிக்க என்ன இருக்கு? சைனா. எழுதிக்கோ. அம்மா, உங்க இடுப்புல இருக்குற சாவிக்கொத்தக் கொஞ்சம் அசைக்காம இருங்க, கவனம் சிதறுது.

— சரி, சரி, அசைக்கல மாஸ்டர். மின்னல், இது என்ன நீ...

— அம்மா, பேசக்கூடாதுன்னு சொன்னேன். இருங்க, கத்தியக் கழுவிட்டு வர்றேன்.

— குழாய ஏன் இவ்வளவு நேரம் தொறந்து விட்டிருக்க? ஒரு கத்தியக் கழுவ ஒரு குடம் தண்ணியா?

— ஒத்தக் கையால வேற எப்படிக் கழுவறது மாஸ்டர்? இன்னொரு கைதான் கட்டுக்குள்ள இருக்கே. வந்துட்டேன். இந்தாங்க, ரெண்டாவது.

— ஆங். இது கத்தி! பாத்தீங்களாம்மா, நான் அழுத்தவே இல்ல. வெச்சேன், அதுவா இறங்குது. காகிதம் மாதிரி வருது துண்டு. கனத்தப் பாரு, கையில உக்கார்ற அழகப் பாரு. இதுக்குத்தான் ஜெர்மன்னு சொல்றது. இந்த ஆறு கத்தியயும் நானே கடையில ஒவ்வொண்ணாத் தூக்கிப் பாத்து எடுத்தேன். கண்ணக் கட்டினா என் புள்ளைங்கள எனக்குத் தெரியாதா?

— ரெண்டாவது ஜெர்மன். சரி. மூணாவது பிடிங்க.

— இதுவும் அதேதான். சர்ருனு போகுது. ஏமாத்தப் பாக்கறியா மின்னல்? ஒரே கத்திய ரெண்டு தடவ குடுத்தா நான் மாத்திச் சொல்லிடுவேன்னு நெனச்சியா? ஜெர்மன். முடிஞ்சது. கண்ண அவுத்து விடுங்கம்மா, இவ கையெழுத்து போடட்டும்.

— அம்மா, அவுத்து விடுங்க.

— சரி... சரி. இருங்க மாஸ்டர், முடிச்சு மாட்டிக்கிச்சு. ம், ஆச்சு.

— மாஸ்டர், இப்ப உங்க கையில இருக்கறது, நீங்க மூணாவதா வெட்டினது. துணியப் பிரிச்சுப் பாருங்க.

— இது... மரக் கைப்பிடி. இது உன்னோடதுல்ல?

— தெருவுல கூவி விக்கற சைனா கத்திதான். இன்னைக்குக் காலைலயும் கப்புல தீட்டித்தான் பையில போட்டேன். இந்தப் பக்கம் இருக்கறது, நீங்க ரெண்டாவதா வெட்டினது. இதையும் பிரிங்க.

— இது நம்ம நாலாம் நம்பர். நான் சொன்னேன்ல, ஜெர்மன்னு? அதச் சரியாத்தானே சொன்னேன்.

— சரியாத்தான் சொன்னீங்க. முதல்ல வெட்டினது எங்கன்னு கேளுங்க.

— எங்க அது?

— அதுவும் இதுதான் மாஸ்டர். நாலாம் நம்பர்தான். கத்தி வெக்கற மாடத்துலேர்ந்து எடுத்து அப்படியே குடுத்தேன், சைனாக் குப்பைன்னு சொன்னீங்க. குழாயத் தொறந்து விட்டுட்டு இந்தக் கப்போட அடியில இருபது தடவ தீட்டினேன். ஜெர்மன்னு கொஞ்சினீங்க. அம்மா பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க, அவங்களயே கேளுங்க.

— அம்மா?

— ஆமா மாஸ்டர். ஒரே கத்திதான்.

— இத வெச்சு என் கத்தி மொட்டைன்னு வேணா சொல்லு. உன் விரல அறுத்தது இதுதான்னு எப்படிச் சொல்வ?

— கிட்ட வந்து பாருங்க. அலகும் கைப்பிடியும் சேர்ற இடுக்கு. சோப்புத் தண்ணி அதுக்குள்ள போகாது. கறுப்பா என்ன இருக்கு?

— பீட்ரூட் சாறா இருக்கும் மின்னல். கிச்சன்னா கறை இருக்காதா?

— மூணு வாரமா பீட்ரூட் வரவே இல்லம்மா. ஸ்டோர் ரூமத் தெனமும் தொறந்து சாமான் எடுத்துக் குடுக்கறது நீங்கதானே? உங்களுக்குத் தெரியாதா? அது என் ரத்தம். அன்னைக்கு நான் கையத் துணியில சுத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினப்ப, யாரோ இதக் கழுவி மாடத்துல வெச்சுட்டு, என் பையிலேர்ந்து என் கத்திய எடுத்துப் பலகை மேல வெச்சிருக்காங்க. மாஸ்டர், ஏழு வருஷமா உங்கள அண்ணன் மாதிரி நெனச்சேன். என் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளா வந்து நிப்பீங்க. இத ஏன் பண்ணீங்க?

— மின்னல்...

— கேக்கறேன்ல, சொல்லுங்க.

— கழுவினது நான்தான். மாத்தி வெச்சதும் நான்தான். கத்தி கூர் இல்லன்னு தெரிஞ்சா பழி என் மேல வரும்னு பயந்துட்டேன். ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல மின்னல் எனக்கு.

— சரி, சரி. போதும், எல்லாம் தெரிஞ்சாச்சு. பேப்பர இதோ கிழிச்சுட்டேன் மின்னல், நீயே பாரு. புதுசா எழுதிடலாம். கத்தி ஹோட்டலோடது, கூர் இல்ல. உன் ஆபரேஷன் இன்சூரன்ஸ்லயே நடக்கும். ஆனா ஏன் கூர் இல்லன்னு அந்த ஆபீசர் கேப்பார், யாரோட பொறுப்புன்னு கேப்பார். மாஸ்டர், எனக்கு வேற வழி தெரியல. சாணைக்கல்லப் பூட்டி வெச்சது நீங்கன்னு உங்க வாயாலயே இப்ப ஒத்துக்கிட்டீங்க. உங்க பேரத்தான் எழுதணும். இன்னையோட நீங்க நின்னுக்கறதுதான் மரியாதை.

— என்னை வேலைய விட்டுப் போகச் சொல்றீங்களா?

— அம்மா, என் விரலுக்கு வைத்தியம் கேட்டேன், அவர் வேலையக் கேக்கல. மாஸ்டர், ஏதாவது பேசுங்க.

— அதோ கார் சத்தம். ஆபீசர் வந்துட்டார் போல. சீக்கிரம் மாஸ்டர், இந்த வெத்துப் பேப்பர்ல ஒரு கையெழுத்து, மேல நான் எழுதிக்கறேன்.

— போடறேம்மா. கத்தியக் கழுவி மாத்தினேன், மின்னல் மேல பழிய போட்டேன், அதெல்லாம் ஒண்ணு விடாம எழுதுங்க, அடியில கையெழுத்து போடறேன். ஆனா கல்லுப் பெட்டி சாவி ஒரு நாள்கூட என்கிட்ட இருந்ததில்ல. புதுக் கத்தி தேஞ்சுடும்னு நீங்கதான் பெட்டியப் பூட்டி, "யாராவது கேட்டா உங்க பேரச் சொல்லிக்கோங்க மாஸ்டர்"னு சொன்னீங்க, நானும் தலையாட்டினேன். இவ்வளவு நேரமா உங்க இடுப்புல சத்தம் போட்டுக்கிட்டிருக்கே கொத்து, அதுல அந்தச் சாவி எதுன்னு ஆபீசர் உள்ள வந்ததும் எடுத்துக் காட்டுங்க.