எட்டாவது ஆள்

எட்டுப் பேரை ஒரே தேதிக்குச் சம்மதிக்க வைப்பது லேசான காரியம் இல்லை, சார். அதற்கு ஒரு கல்யாணத்தையே முன்னால் நின்று நடத்திவிடலாம். நான் பஸ் டெப்போவில் கால அட்டவணை போடுகிறவன். நாற்பத்தைந்து வண்டி, நூற்றுச் சொச்சம் டிரைவர்கள், யாருக்கு எப்போது வயிற்றுவலி வரும் என்று அவர்களுக்கே தெரியாது. அவர்களை வைத்து ஒரு வண்டிகூட நிற்காமல் ஓட்டியிருக்கிறேன். இந்த எட்டுப் பேரைப் படகில் ஏற்றப் பதினான்கு மாதம் ஆனது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நாங்கள் போன தீவில் தங்க ஒரு கொட்டகைகூடக் கிடையாது. இரண்டு விமானம் மாறி, பிறகு பத்து மணி நேரம் கடலில் போக வேண்டும். படகிலேயே சாப்பாடு, படகிலேயே தூக்கம், தினமும் மூன்று தடவை முதுகில் காற்று சிலிண்டரோடு தண்ணீருக்குள் இறங்குவது. அங்கே ஒரு பாறை இருக்கிறது. வருஷத்தில் ஆறே வாரம் பெரிய திருக்கை மீன்கள் அந்தப் பாறையைச் சுற்ற வரும். எட்டுப் பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். ஒருவர் குறைந்தாலும் நம் வாரத்தை வேறு கூட்டத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். இதை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பதினோரு தடவை எழுதியிருக்கிறேன். என் போன் உங்களிடம்தானே இருக்கிறது, எண்ணிப் பாருங்கள்.

பதில் என்ன வந்தது என்றும் பாருங்கள். பல் டாக்டர், படகு அறையில் ஜன்னல் உண்டா என்று கேட்பார். உண்டு என்று சொல்வேன். பத்து நாள் கழித்து அவர் மனைவி அதையே கேட்பார். எங்கள் டெப்போ மெக்கானிக் எதற்கும் 'பார்க்கலாம்' என்பான். அவனுக்குப் பெயரே பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. ஸ்டோர் கீப்பர் மூன்று தடவை தேதியை மாற்றினார், மூன்றும் மச்சினிச்சிக்காக. மற்ற இரண்டு பேர் எதைக் கேட்டாலும் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுக் காணாமல் போவார்கள். அந்தக் கட்டைவிரலுக்குச் சரி என்று அர்த்தமா, படித்துவிட்டேன் என்று அர்த்தமா என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை.

ஒழுங்காகப் பதில் சொன்னவர் அக்கா வீட்டுக்காரர் ஒருவர்தான். மாமாவை எனக்குப் பிடிக்கும். என்னை 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவார். 'உன் ஒருத்தனாலதான் மாப்ள இது நடக்குது' என்று குழுவில் எல்லோரும் பார்க்க எழுதியவர் அவர். நான் இதைச் சொல்லக் காரணம், எனக்கு அவர்மேல் எந்தக் கோபமும் இல்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

படகுக்காரர்கள் உடல்நலப் படிவம் அனுப்பினார்கள். ஆளுக்கு ஒன்று, முப்பது கேள்வி, ஆம் அல்லது இல்லை. ஒரு மாதம் கெஞ்சினேன். 'நீயே போட்டுடேன்' என்றார்கள். சரி என்று எட்டையும் நானே நிரப்பினேன். மின்னஞ்சல் முகவரி கேட்ட இடத்திலெல்லாம் என் முகவரியைக் கொடுத்தேன், ஏனென்றால் இவர்கள் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். அந்த நேரத்தில் மாமா போன் செய்தார். இருபத்திரண்டு வயதில் ஒரு தடவை நுரையீரல் சுருங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். அதை எழுத வேண்டுமா என்று கேட்டார். அந்தக் கட்டத்தில் ஆம் என்று போட்டால் டாக்டர் கடிதம் இல்லாமல் ஏற்ற மாட்டார்கள். அவராகவே போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டார். கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புவதாக டாக்டர் சொன்னாராம். மாமா என் முகவரியைக் கொடுத்துவிட்டு வந்தார், நான்தான் அப்படிப் பழக்கியிருந்தேன்.

கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. நான் டெப்போவில் அடுத்த வார அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். படித்தேன். படிவம் அனுப்பக் கடைசி நாள் அதுதான். எட்டையும் அனுப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். மாலையில் அக்கா போன் செய்தாள்.

"தம்பி, அவரோட லெட்டர் வந்துச்சா?"

"வந்துருச்சுக்கா. எல்லாம் சரியா இருக்காம்."

அக்கா பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

படகில் முதல் இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் காலை, திருக்கைப் பாறைக்கு இறங்கும் நாள். மாமா மேல்தளத்தில் காபியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெஞ்சு பிடித்த மாதிரி இருக்கிறது, இன்றைக்கு மேலேயே இருந்துவிடட்டுமா என்று கேட்டார். ஜோடி இல்லாமல் யாரையும் இறக்க மாட்டார்கள், சார். அவருக்கு ஜோடி நான்.

"டாக்டர் நல்லாத்தானே சொன்னாரு மாப்ள?"

"நல்லாத்தான் சொன்னாரு மாமா. அந்த பெல்ட்டக் கொஞ்சம் தளத்திக்கோங்க, சரியாயிடும்."

அவர் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு எழுந்தார்.

கடிதத்தில் இருந்தது மூன்றே வரி. நீங்கள் அதைச் சத்தமாகப் படித்தபோது நான் மறுக்கவில்லை. நுரையீரலின் மேல்பக்கம் காற்றுக் கொப்புளங்கள் இருக்கின்றன. கடலுக்கடியில் போனால் மேலே வரும்போது அவை வெடிக்கும். எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது. எனக்கு அது புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாகவே புரிந்தது. புரிந்தேதான் அவர் படிவத்தில் நுரையீரல் கேள்விக்கு இல்லை என்று போட்டு அனுப்பினேன். ஆனால் அவர் இல்லை என்றால் ஏழு பேர். ஏழு பேர் என்றால் மறுபடியும் ஜன்னல், மறுபடியும் மச்சினிச்சி, மறுபடியும் கட்டைவிரல். என்னால் முடியாது என்று தோன்றியது. இரண்டு நாள் ஒன்றும் ஆகாததால் டாக்டர்தான் மிகையாகச் சொல்லிவிட்டார் என்றும் நினைத்தேன்.

பதினாறு மீட்டர் ஆழத்தில் பாறையைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். மாமா என் தோளைத் தொட்டார். நெஞ்சைக் காட்டினார், பிறகு மேலே போகலாம் என்று கட்டைவிரலை உயர்த்தினார். தண்ணீருக்கடியில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் முதல் திருக்கை வந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தை விட அகலம். அதன் பின்னால் இன்னும் இரண்டு. நான் மாமாவிடம் ஐந்து விரலை விரித்துக் காட்டினேன். அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, ஒரு கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டு இருந்தார். என் பேச்சை அவர் ஒருநாளும் தட்டியதில்லை. ஐந்து நிமிடம் ஆனதும் அவரைக் கூட்டிக்கொண்டு மெதுவாக, விதிப்படிதான் ஏறினேன். தண்ணீருக்கு மேலே வந்தபோது அவர் வாயில் நுரை சிவப்பாக இருந்தது. ஆஸ்பத்திரி இருக்கும் கரை பத்து மணி நேரத்துக்கு அப்பால். அதுவும் என் அட்டவணையில் இருந்தது. பாதி வழியிலேயே மாமாவின் மூச்சு நின்றுவிட்டது.

ஆமாம் சார், நான்தான் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாளாம். அவளிடம் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள். நான் மாமாவிடம் கேட்டது ஐந்தே நிமிடம். அவர்களுக்காக நான் பதினான்கு மாதம் காத்திருந்தேன்.